மூன்று வரிசை எஸ்யூவி வாங்கும் முன்: கடைசி சீட்டிலிருந்து அளக்கத் தொடங்குங்கள்

ஷோரூமுக்குள் நுழைந்ததும் கால் தானாக ஓட்டுநர் கதவுப் பக்கம் போகும். ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பார்ப்போம், திரையைத் தொட்டுப் பார்ப்போம். பின்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "இடம் தாராளமாத்தான் இருக்கு" என்று முடித்துவிடுவோம். என் முதல் ஏழு சீட்டர் வண்டியை நானும் அப்படித்தான் வாங்கினேன். முதல் நெடும்பயணத்தில் மூன்றாம் வரிசையில் அம்மா உட்கார்ந்தார். ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. "டேய், எங்கயாவது ஓரமா நிறுத்துடா. முட்டி நெஞ்சுல வந்து இடிக்குது" என்றார். இறங்கியவர் கதவைப் பிடித்துக்கொண்டு முதுகை நிமிர்த்தவே சில நிமிடங்கள் ஆயின.

விளம்பரப் புத்தகத்தில் அந்த வரிசையின் லெக்ரூம் (காலுக்கான இடம்) நல்ல எண்ணாகத்தான் அச்சாகியிருந்தது. வீட்டுக்கு வந்து டேப் எடுத்து அளந்தேன். கால் வைக்கும் தரையிலிருந்து சீட்டின் முன்விளிம்பு வரை 25 செ.மீ. தான் இருந்தது. வீட்டில் நாம் உட்காரும் நாற்காலி ஏறக்குறைய 45 செ.மீ. உயரம் இருக்கும். மூட்டு வலிக்காரரை மணைப்பலகையில் உட்காரவைத்துக் கூட்டிப்போனதற்குச் சமம் அது. அந்த 25 செ.மீ. எனக்குக் கற்றுக்கொடுத்ததை, முதல்முறையாக மூன்று வரிசை வண்டி தேடுபவர்களுக்காகப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: வீட்டிலேயே ஒரு தாள்

எந்த வண்டி என்று யோசிக்கும் முன், யார் எங்கே உட்காரப்போகிறார்கள் என்பதை எழுதுங்கள். ஓட்டுபவர் யார், அவர் உயரம் என்ன, குழந்தை சீட் எத்தனை, மூட்டு வலி உள்ளவர் யார், பயணத்தில் குமட்டல் வருபவர் யார். மூன்றாம் வரிசை தினமும் நிரம்புமா, மாதத்தில் இரண்டு நாள்தான் தேவைப்படுமா என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். மாதத்தில் இரண்டு நாள் பிள்ளைகள் மட்டும் ஏறுவார்கள் என்றால், சிறிய மூன்றாம் வரிசையே போதும். தினமும் பெரியவர்கள் ஏறுவார்கள் என்றால் அதே வண்டியால் வீட்டில் சண்டைதான் வரும்.

உட்கார்ந்த நிலையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு அளவுகள் எடுங்கள். சுவரில் முதுகை ஒட்டி உட்காரவைத்து, சுவரிலிருந்து முழங்கால் முன்பகுதி வரை ஒன்று. நாற்காலிப் பலகையிலிருந்து உச்சந்தலை வரை இன்னொன்று. நின்ற உயரத்தை மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடுத்தால் தவறும். ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளம், மற்றவருக்கு உடம்பு நீளம். முதலாமவருக்கு முழங்கால் இடிக்கும், இரண்டாமவருக்குத் தலை இடிக்கும்.

இரண்டாம் படி: அச்சிட்ட எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

லெக்ரூம், ஹெட்ரூம், ஷோல்டர் ரூம் என்று பட்டியலில் வரும் எண்களுக்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. பல நிறுவனங்கள், வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்ஏஇயின் ஜே1100 என்ற அளவீட்டுத் தரத்தின்படிதான் அளக்கின்றன. மனித உருவ மாதிரி ஒன்றைச் சீட்டில் உட்காரவைத்து, அதன் கணுக்கால் மூட்டிலிருந்து இடுப்பு மூட்டு வரை நேர்க்கோட்டில் அளப்பார்கள். அதோடு 254 மி.மீ. கூட்டினால் கிடைப்பது லெக்ரூம்.

நேர்க்கோடு என்பதைக் கவனியுங்கள். இடையில் முழங்கால் எவ்வளவு மேலே தூக்கி நிற்கிறது என்று அந்தக் கோட்டுக்குத் தெரியாது. சீட் தரையோடு தரையாக இருந்தாலும், காலை முன்னால் நீட்ட வழி இருந்தால் எண் பெரிதாகவே வரும். அம்மாவின் முட்டி நெஞ்சில் இடித்ததும் பட்டியலில் எண் நன்றாக இருந்ததும் ஒரே வண்டியில்தான் நடந்தது. இரண்டுமே உண்மைதான்.

ஹெட்ரூமும் இப்படித்தான். இடுப்பு மூட்டிலிருந்து, செங்குத்துக் கோட்டைவிட 8 டிகிரி பின்னால் சாய்ந்த கோட்டில் கூரை வரை அளந்து 102 மி.மீ. கூட்டுவார்கள். அது ஒரே ஒரு கோடு. தலைக்குப் பக்கவாட்டில் கூரை எப்படி வளைந்து இறங்குகிறது, பின்கண்ணாடி எவ்வளவு நெருக்கம் என்பதெல்லாம் அதில் வராது.

இன்னொரு கண்ணியும் உண்டு. இரண்டாம் வரிசை முன்னும் பின்னும் நகரும் வண்டிகளில், அந்த வரிசைக்குச் சொல்லும் அதிகபட்ச லெக்ரூமும் மூன்றாம் வரிசைக்குச் சொல்லும் அதிகபட்ச லெக்ரூமும் ஒரே நேரத்தில் கிடைக்காது. இருப்பது ஒரே நீளம். அதை மூன்று வரிசைகளும் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஆகவே இரண்டு வண்டிகளை ஒப்பிடும்போது ஒரு வரிசையின் எண்ணை மட்டும் பார்க்காமல், மூன்று வரிசைகளின் லெக்ரூமையும் கூட்டிப் பாருங்கள். துல்லியமான கணக்கல்ல என்றாலும், எந்த வண்டியில் பங்குபோட நிறைய இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இந்த எண்களால் பயன் இல்லாமல் இல்லை. அமெரிக்கச் சந்தையில் விற்கும் டொயோட்டா ஹைலேண்டரின் 2020ஆம் ஆண்டுத் தலைமுறையில் மூன்றாம் வரிசை லெக்ரூம் சுமார் 704 மி.மீ. 2024 மாடலாக வந்த கிராண்ட் ஹைலேண்டரில் அது சுமார் 851 மி.மீ. வெளிநீளத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 165 மி.மீ. தான், வீல்பேஸில் (முன், பின் சக்கர அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம்) 100 மி.மீ. அளவுக்கு. அந்தக் கூடுதல் நீளத்தின் பெரும்பகுதியைக் கடைசி வரிசைக்குக் கொடுத்திருக்கிறார்கள். முதலாவது பிள்ளைகளுக்கான மூன்றாம் வரிசை, இரண்டாவது பெரியவர்களும் உட்காரக்கூடியது. 147 மி.மீ. வித்தியாசம் என்றால் எண் பொய் சொல்லாது. 20 மி.மீ. வித்தியாசத்தை வைத்து ஒரு வண்டி பெரிது என்று முடிவுகட்டாதீர்கள். அதை உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும்.

மூன்றாம் படி: வண்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்

மூன்றாம் வரிசை ஏன் தாழ்வாக இருக்கிறது? பெரும்பாலும் சீட் தாழ்ந்ததால் அல்ல, தரை உயர்ந்ததால். அந்த வரிசைக்குக் கீழேதான் பின் சக்கரங்களின் அச்சு, அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷன் எல்லாம் இருக்கின்றன. கூரையை இஷ்டத்துக்கு உயர்த்த முடியாது. தரை மேலே வந்தால் சீட்டுக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடம்தான் சுருங்கும்.

இதற்கு நல்ல சாட்சி செவ்ரோலே டாஹோ. 2020 மாடல் வரை அதன் பின்பக்கத்தில் ஒரே துண்டான அச்சு இருந்தது. சாலைப் பள்ளத்தில் அச்சு மொத்தமாக மேலும் கீழும் போய்வர இடம் விட வேண்டியிருந்ததால் தரையை உயர்த்தியிருந்தார்கள். மூன்றாம் வரிசை லெக்ரூம் சுமார் 630 மி.மீ. அவ்வளவு பெரிய வண்டிக்கு அது மிகக் குறைவு. 2021 மாடலில் வீல்பேஸைக் கூட்டினார்கள், பின் சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் கொடுத்துத் தரையை இறக்கினார்கள். லெக்ரூம் சுமார் 886 மி.மீ. ஆனது. அதே பெயர், அதே வகை வண்டி. உட்காருபவருக்கு அது வேறு வண்டி.

ஆகவே விற்பனையாளரிடம், பின் சஸ்பென்ஷன் எந்த வகை என்று கேட்கத் தயங்காதீர்கள். ஹைப்ரிட், எலெக்ட்ரிக் என்றால் பேட்டரி எங்கே என்றும் கேளுங்கள். தரைக்கு அடியில் பேட்டரி விரித்திருக்கும் வண்டிகளில், இரண்டாம் வரிசையிலேயேகூட முழங்கால் தூக்கி நிற்கும் வாய்ப்பு உண்டு.

நான்காம் படி: ஷோரூமில் முன்னிருந்து பின்னாக

கையில் டேப், ஒரு சின்ன நோட்டு. குழந்தை சீட் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். முடிந்தால் மூன்றாம் வரிசையில் உட்காரப்போகும் ஆளையும். அவர் இல்லாமல் செய்யும் சோதனை அரைச் சோதனைதான்.

முதலில் வழக்கமாக ஓட்டுபவர் தன் சீட்டைத் தனக்கு ஏற்றபடி சரிசெய்துகொள்ள வேண்டும். செய்த உடனே இறங்கிவிட வேண்டும். முன் சீட்டை எல்லாம் முன்னால் தள்ளி, பின்னால் இடம் நிறைய இருப்பது போலக் காட்சிக்கு வைத்திருப்பார்கள். அந்த இடத்தை நம்ப வேண்டாம்.

அடுத்து இரண்டாம் வரிசை. வீட்டில் உயரமானவர் ஓட்டுநருக்குப் பின்னால் உட்காரட்டும். முழங்காலுக்கும் முன் சீட்டின் முதுகுக்கும் நடுவே ஒரு கைமுஷ்டி நுழையும் அளவுக்கு இடம் விட்டு, அந்த வரிசையை எவ்வளவு முன்னால் நகர்த்த முடியுமோ அவ்வளவு நகர்த்துங்கள். சீட்டை அங்கேயே நிறுத்திவிட்டு மூன்றாம் வரிசைக்குப் போங்கள். இப்போது அங்கே மிச்சம் இருப்பதுதான் உங்கள் குடும்பத்துக்கு அந்த வண்டியில் கிடைக்கும் உண்மையான மூன்றாம் வரிசை. ஒவ்வொரு வண்டியிலும் இதே வரிசையில் செய்தால்தான் ஒப்பீடு நியாயமாக இருக்கும்.

மூன்றாம் வரிசையில் உட்கார்ந்ததும் முதலில் தொடையைப் பாருங்கள். முழங்காலுக்குப் பின்னால் தொடைக்கும் சீட்டுக்கும் நடுவே கையை நுழையுங்கள். உள்ளங்கை முழுக்கத் தடையில்லாமல் போய், தொடையின் நடுப்பகுதி வரை காற்றில் நின்றால், உடம்பின் பாரம் முழுவதும் பிட்டத்து எலும்பில்தான் இறங்குகிறது. பத்து நிமிடத்தில் ஒன்றும் தெரியாது. நாற்பது நிமிடத்தில் இடுப்பு சரியத் தொடங்கும், முதுகு கூன் போடும், பிறகு கழுத்து வலிக்கும். தொடை சீட்டில் படிந்து, சீட்டின் முன்விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருந்தால் நல்ல சீட். பிறகு டேப்பை எடுத்துத் தரையிலிருந்து முன்விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். என் அனுபவத்தில் 30 செ.மீ.க்குக் கீழே வந்தால் பெரியவர்களுக்கு நெடும்பயணம் ஆகாது. லெக்ரூம் எண்ணை மறந்தாலும் இந்த எண்ணை மறக்காதீர்கள்.

பாதத்தையும் பாருங்கள். முன்னால் உள்ள சீட்டுக்கு அடியில் பாதம் நுழைந்தால் காலைக் கொஞ்சம் நீட்ட முடியும், முழங்கால் இறங்கும். சில வண்டிகளில் அந்த இடத்தைச் சீட் தண்டவாளமோ ஏசி குழாயோ அடைத்துக்கொண்டிருக்கும். செருப்பில்லாமல் சோதிக்காதீர்கள். பயணத்தில் போடும் ஷூவோடு சோதியுங்கள்.

தலைக்கு மேலே விரல்களை அடுக்கி எத்தனை நுழைகிறது என்று பாருங்கள். பனோரமிக் சன்ரூஃப் உள்ள மாடலும் இல்லாத மாடலும் இருந்தால் இரண்டிலும் உட்காருங்கள். கண்ணாடியின் சட்டமும் திரையும் கூரையை இறக்கிவிடும். விலை கூடிய மாடலில் தலைக்கு இடம் குறைவதும் உண்டு. தலையைப் பின்னால் சாய்த்துப் பாருங்கள். ஹெட்ரெஸ்ட்டின் மேல்விளிம்பு குறைந்தது காதின் மேல்மட்டத்துக்கு வர வேண்டும். மடக்கி வைத்திருந்தால் தூக்கி நிறுத்திவிட்டுச் சோதியுங்கள். மேலே வராத ஹெட்ரெஸ்ட் உள்ள சீட்டில் நான் யாரையும் உட்காரவைக்க மாட்டேன். பின்னாலிருந்து ஒரு வண்டி மோதினால் கழுத்துக்கு இருப்பது அது ஒன்றுதான்.

அகலத்துக்கு ஒரு வார்த்தை. ஷோல்டர் ரூம் தோள் மட்டத்தில் அளப்பது. மூன்றாம் வரிசையில் இடுப்பு மட்டத்தில் சக்கர வளைவுகள் இருபக்கமும் உள்ளே வந்திருக்கும். ஆகவே எத்தனை பேர் உட்காரலாம் என்று பட்டியல் சொன்னாலும், அத்தனை பேரையும் ஏற்றிப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

ஐந்தாம் படி: ஏறி இறங்குவது

வசதியான சீட்டுக்குப் போகும் வழி கஷ்டமாக இருந்தால் அந்த சீட் காலியாகவே கிடக்கும். இரண்டாம் வரிசை பெஞ்ச் சீட்டாக இருந்தால் அதை மடக்கியோ நகர்த்தியோ வழி விட வேண்டும். கேப்டன் சீட் (தனித்தனியாக இரண்டு சீட்) என்றால் நடுவில் நடந்துபோக வழி கிடைக்கலாம், ஆனால் ஒரு ஆள் இடம் போய்விடும். மூட்டு வலிக்காரர் இருக்கும் வீட்டுக்குக் கேப்டன் சீட்டும், எப்போதும் ஆட்கள் நிறைய இருக்கும் வீட்டுக்குப் பெஞ்சும் என்பது என் கருத்து. ஹோண்டா பைலட்டின் 2023 தலைமுறையில் சில மாடல்களில் இரண்டாம் வரிசையின் நடு சீட்டையே கழற்றி டிக்கித் தரைக்கு அடியில் வைத்துவிடலாம். இரண்டு தேவையும் உள்ளவர்களுக்கு நல்ல யோசனை.

சீட்டை மடக்கும் லீவரைப் பத்து வயதுப் பிள்ளையை இழுக்கச் சொல்லுங்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவர் வெளியிலிருந்து யாரும் உதவாமல் தானே மடக்கி இறங்க முடிகிறதா என்றும் பாருங்கள். விபத்து நேரத்தில் இது உயிர்ப் பிரச்சினை. பிரிந்து மடங்கும் பெஞ்சில் எளிதாக மடங்கும் சிறு பகுதி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் முக்கியம். நடைபாதைப் பக்கம் இருந்தால் நல்லது. போக்குவரத்துப் பக்கம் இருந்தால் ஒவ்வொரு முறையும் சாலை நடுவில்தான் பிள்ளைகள் இறங்க வேண்டிவரும்.

குழந்தை சீட்டை இரண்டாம் வரிசையில் மாட்டிவிட்டு மூன்றாம் வரிசைக்குப் போக முயலுங்கள். பல வண்டிகளில் முடியாது. சீட்டைக் கழற்றினால்தான் வழி. ஃபோக்ஸ்வாகன் அட்லஸ் போன்ற சிலவற்றில், குழந்தை உட்காராத நிலையில், மாட்டிய சீட்டோடு சேர்த்தே முன்னால் சாய்த்து வழி விடலாம். இரண்டு சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இந்த ஒரு வசதி மற்ற பத்து வசதிகளுக்குச் சமம். குழந்தை சீட்டை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் எந்தெந்த சீட்டில் உள்ளன என்று விரலை நுழைத்துத் தொட்டுப் பாருங்கள்.

ஆறாம் படி: பின்னால் உட்கார்ந்து டெஸ்ட் டிரைவ்

இதை யாரும் செய்வதில்லை, ஆனால் மிக அதிகமாகச் சொல்லித்தருவது இதுதான். வேறொருவரை ஓட்டச் சொல்லிவிட்டு, நீங்கள் மூன்றாம் வரிசையில் குறைந்தது இருபது நிமிடம் உட்காருங்கள். முன் வரிசைகள் இரு அச்சுகளுக்கும் நடுவே இருக்கின்றன. மூன்றாம் வரிசையோ பின் அச்சின் மேல் அல்லது அதற்குச் சற்றுப் பின்னால். வேகத்தடையில் ஓட்டுநருக்கு லேசான அசைவாகத் தெரிவது அங்கே தூக்கிப்போடும். மூன்றாம் வரிசையில் குமட்டல் வருவதற்கு இதோடு, கண்ணுக்குச் சாலை தெரியாததும் ஒரு காரணம். பக்கக் கண்ணாடி எவ்வளவு பெரிது, எந்த உயரத்தில் இருக்கிறது, வெளியே பார்க்க முடிகிறதா என்று கவனியுங்கள்.

மெத்தென்ற சீட்டைக் கண்டு மயங்காதீர்கள். உட்கார்ந்த உடனே அமுங்கும் நுரை, கொஞ்ச நேரத்தில் அடிப்பலகையைக் காட்டிவிடும். சற்று கெட்டியாக இருந்து உடம்பைப் பரவலாகத் தாங்குவதே நீண்ட நேரத்துக்கு நல்லது. இரண்டாம் வரிசையின் நடு இடம் பெரும்பாலும் கெட்டியாக, முதுகில் உறுத்தலோடு இருக்கும். கை வைக்கும் மடக்குப் பலகையைத்தான் அங்கே முதுகாகச் சாய்ந்துகொள்கிறோம்.

ஏசியைப் போட்டுக் கடைசி வரிசையில் கை நீட்டிப் பாருங்கள். காற்று முகத்துக்கு வருகிறதா, வேகத்தைக் கூட்டக் குறைக்க அங்கேயே வழி உண்டா? பின்னால் இருந்தபடி முன்னால் இருப்பவரிடம் சாதாரணக் குரலில் பேசுங்கள். திருப்பிக் கேட்கிறார்கள் என்றால் சத்தம் அதிகம். சீட் பெல்ட் பிள்ளையின் கழுத்தை உரசுகிறதா, தோளில் படிகிறதா என்றும் பாருங்கள். பக்கவாட்டுத் திரை ஏர்பேக் மூன்றாம் வரிசை வரை நீள்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஏழாம் படி: எல்லா சீட்டும் நிமிர்ந்த நிலையில் டிக்கி

மூன்றாம் வரிசை மடங்கியிருக்கும்போது டிக்கி மைதானம் போல இருக்கும். நிமிர்த்திவிட்டு, சீட் முதுகிலிருந்து டிக்கிக் கதவு வரை தரையில் அளந்து பாருங்கள். ஏழு பேர் போகும் நாளில்தான் ஏழு பேரின் பையும் வரும். பெட்டி நிற்கவில்லை என்றால் கூரைமேல் கேரியர் வேண்டும், அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

எடையும் அப்படித்தான். ஆளுக்கு 70 கிலோ என்று வைத்தால் ஏழு பேரே 490 கிலோ. வண்டி எவ்வளவு தாங்கும் என்பது கையேட்டில் இருக்கும். பல வண்டிகளில் கதவுத் தூணில் ஒட்டிய லேபிளிலும் இருக்கும். சில வண்டிகளில் ஏழு பேர் ஏறியபின் பைகளுக்கு மிஞ்சுவது மிகக் கொஞ்சம்தான்.

எல்லா வண்டிகளையும் பார்த்து முடித்தபின் நோட்டில் ஒவ்வொன்றுக்கும் ஐந்து எண்கள் இருக்கும்: மூன்றாம் வரிசையின் சீட் உயரம், முழங்கால் இடைவெளி, தலைக்கு மேல் எத்தனை விரல், டிக்கி ஆழம், மூன்றாம் வரிசையிலிருந்து இறங்க எத்தனை நொடி. அன்றே முன்பணம் கட்டாதீர்கள். மறுநாள் காலை, மூன்றாம் வரிசையில் இருபது நிமிடம் உட்கார்ந்தவரிடம் முட்டியும் இடுப்பும் எப்படி இருக்கின்றன என்று கேளுங்கள். இரண்டாவது வண்டி வாங்கும்போது அம்மாவிடம் அப்படித்தான் கேட்டேன். "அந்த வெள்ளை வண்டியா? அதுல நான் எங்க வேணா வருவேன்டா" என்றார். அந்த வெள்ளை வண்டியின் மூன்றாம் வரிசை சீட் உயரத்துக்கு நேராக 34 செ.மீ. என்று நோட்டில் எழுதியிருந்தேன்.